நீ வட்டம் போட்ட அந்தக் கை

தம்பி,

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு மூன்று பெண் பிள்ளைகள் திருப்பாதிரிப்புலியூரில் உன் அறைக் கதவைத் தட்டுவார்கள். மூன்று பேரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். ஒருத்தி கையில் நோட்டு இருக்கும். உன் சேனலில் நீ போட்ட பஸ் வீடியோவைப் பற்றி உன்னிடம் நாலு கேள்வி கேட்பார்கள். திடீரென்று வந்து நின்றார்கள் என்று நீ சொல்லக்கூடாது என்பதற்காகத்தான் இதை முன்னாலேயே எழுதுகிறேன். இது உனக்கு மட்டும் எழுதுகிற கடிதம் இல்லை. அந்தப் பிள்ளைகள் மாதத்துக்கு ஒருமுறை அச்சடித்து பஸ் நிறுத்தத்திலும் ரேஷன் கடையிலும் ஒட்டுகிற நாலு பக்கத் தாளில் இதுவும் வரும். நீ சொல்லும் பதில் இதன் பக்கத்திலேயே வரும். நீ பதில் சொல்லவில்லை என்றால் பதில் சொல்லவில்லை என்று வரும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கையெழுத்து என்னுடையது. தப்பெழுத்தை மட்டும் ஜெசி டீச்சர் திருத்திக் கொடுத்தார். படித்துவிட்டு, "காரம் ஜாஸ்தியா இருக்கேம்மா" என்றார். "இருக்கட்டும் டீச்சர்" என்றேன்.

இன்னும் மூன்று வாரத்தில் உனக்குக் கல்யாணம். பெண் பார்க்கப் போன அன்றைக்கு அந்தப் பெண்ணின் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி என்னா வேல பாக்குறாருங்க?" என்று கேட்டார். ரிப்போர்ட்டர் என்று வாய் நிறையச் சொன்னேன். உன் பைக்கில் முன்னாலும் பின்னாலும் ஒட்டியிருக்கிற சிவப்பு ஸ்டிக்கரையும் ஜன்னல் வழியாகக் காட்டினேன். இப்போது அதை நினைத்தால் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும் போல் இருக்கிறது. பெற்ற பிள்ளையைப் பார்த்து ஒரு தாய்க்கு இப்படி அருவருப்பு வரலாமா என்று இந்தத் தாளைப் படிக்கிறவர்கள் கேட்பார்கள். வருகிறது. என் மேலும் வருகிறது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

உன் அப்பா போன பிறகு நான் ஆறு மாதம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை, உனக்குத் தெரியும். பிறகு ஐப்பசியில், சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை மாடியில் சனி ஞாயிறு சமைக்க ஆள் வேண்டும் என்றார்கள், போனேன். டைப்பிங் கிளாஸ் என்று நினைத்தேன். மேலே போய்ப் பார்த்தால் பாயில் பத்துப் பன்னிரண்டு பெண் பிள்ளைகள். கீரப்பாளையம் பக்கம், பரங்கிப்பேட்டை பக்கம் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஊர். பதினாலு வயதிலிருந்து பதினேழு வரைக்கும். ஜெசி டீச்சர் கடலூரில் ஒரு பத்திரிகையில் பல வருஷம் வேலை பார்த்தவர். அதை விட்டுவிட்டு இந்தப் பிள்ளைகளுக்குச் செய்தி எழுதக் கற்றுக்கொடுக்கிறார். கற்றுக்கொடுப்பது என்றால் போர்டில் எழுதிப் போடுவது இல்லை. வந்த முதல் வாரமே பிள்ளைகளைக் காய்கறி மார்க்கெட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வா என்று துரத்திவிட்டார். நான் புளி கரைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளை திரும்பி வந்து, "கூட்டமா இருந்துச்சு டீச்சர். ஒரே நாத்தம்" என்று வாசித்தது.

"கூட்டம்னா எத்தன பேரு? நாத்தம்னா எதுலேந்து?"

"அது... பொதுவா நாறுச்சு டீச்சர்."

"பொதுவா எதுவும் நாறாது. போயி எங்கேந்து வருதுன்னு பாத்துட்டு வா."

அந்தப் பிள்ளை வெயிலில் மறுபடி போய்விட்டு மூச்சிரைக்க வந்தது. "அழுகுன கோசு எலையக் கொட்டி வச்சிருக்காங்க டீச்சர், என் இடுப்பு ஒசரம். அதுமேல ஒரு மாடு. மாட்டுமேல ஒரு காக்கா. பக்கத்துக் கடக்கார அண்ணன் நாலு நாளா அள்ளலன்னாரு. காக்காகிட்ட மட்டும் பேட்டி எடுக்க முடியல." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உன் அப்பா போன பிறகு முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

என்னை வைத்தும் பழகுவார்கள். ரேவதி என்று ஒன்று, பதினாலு வயது, எலும்பும் தோலுமாக இருக்கும், வாய் மட்டும் பெரிய ஆள் மாதிரி. நோட்டோடு என் அடுப்புப் பக்கம் வந்து, "அத்த, இந்த சாம்பாரு நேத்து வச்சதா இன்னிக்கி வச்சதா?" என்றது. இன்னிக்கி வச்சதுடி என்றேன். "ஆதாரம்?" என்றது. கரண்டியை ஓங்கினேன். "அத்தை பதிலளிக்க மறுத்தார்னு எழுதிக்கிறேன்" என்று ஓடியது. அப்படி ஒரு இடம் அது.

இனி அந்த பஸ் வீடியோவில் இருக்கிற பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். கோமதி என்று எழுதுகிறேன். அது அவள் பெயர் இல்லை. பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெயரைப் போடக்கூடாது என்பது அவர்கள் வைத்திருக்கிற வழக்கம். என்ன பெயர் போடட்டும் என்று கேட்டபோது, "கோமதின்னு போடுங்கத்த, எங்க ஊர்ல அந்தப் பேருல ஆளே கெடயாது, யாருக்கும் வம்பு வராது" என்று அவளே சொன்னாள். பன்னிரண்டாம் வகுப்பு. அப்பா டிராக்டர் ஓட்டுகிறவர். அவர்கள் ஊருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஆறு கிலோமீட்டர். காலையில் வருகிற டவுன் பஸ் நிறுத்தத்தில் நிற்காது. தள்ளிப்போய் நிற்கும், பிள்ளைகள் ஓட வேண்டும். கோமதியும் ரேவதியும் இதை எழுதுகிறோம் என்றார்கள். ஆனி மாதம் பள்ளி திறந்ததும் பத்து நாள், ஒவ்வொரு நாளும் பஸ் எங்கே நின்றது என்று காலடி வைத்து அளந்தார்கள். ஒரு நாள் நாற்பது அடி, ஒரு நாள் நூற்றுப் பத்து அடி, இரண்டு நாள் நிற்கவே இல்லை. டிரைவரிடமும் போய்க் கேட்டார்கள். அவர், "நிறுத்துனா டைமிங் போவுதும்மா, என்னத்தான் மெமோ குடுத்துக் கேப்பாங்க" என்றார். அதையும் எழுதிக்கொண்டார்கள். டிரைவரைத் திட்டி எழுதலாம் என்று ரேவதி சொன்னதற்கு, கோமதி, "அவரு சொன்னதயும் போட்டாத்தான் யாரக் கேக்கணும்னு தெரியும்" என்றாள். பதினேழு வயதுப் பிள்ளைக்கு இருந்த அந்த அறிவு உனக்கு இருபத்தெட்டு வயதில் இல்லை.

அந்தப் பத்து நாளில் ஒரு நாள் ரேவதி மாடி வகுப்புக்குச் சொந்தமான போனில் படம் பிடித்தாள். கோமதி பையோடு ஓடுகிறாள். பஸ் மெதுவாக நகர்கிறது. படியில் ஒரு கால் வைக்கிறாள், சறுக்குகிறது. உள்ளேயிருந்து கண்டக்டர் குனிந்து அவள் கையை எட்டிப் பிடித்துத் தூக்கி ஏற்றிவிடுகிறார். வயதான மனிதர். அவர் பிடிக்கவில்லை என்றால் அந்தப் பிள்ளை பின் சக்கரத்துக்குப் போயிருக்கும். அவ்வளவுதான் அந்தப் படம். எனக்கு அதைக் காட்டியபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். வண்டிச் சக்கரம் என்றால் எனக்கு என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும்.

இப்போது என் தப்பு. அந்தப் போனை சார்ஜ் போட்டுப் பத்திரமாக வைப்பது என் பொறுப்பு. யார் எடுத்தாலும் பக்கத்தில் இருக்கிற நோட்டில் பெயர் எழுத வேண்டும், ஜெசி டீச்சர் சொல்லாமல் வெளியாள் கையில் கொடுக்கக்கூடாது. படம் பிடித்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை நீ என்னைப் பார்க்க மாடிக்கு வந்தாய். பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பெருமையாக, இதுங்க உன் வேலையைத்தான் கத்துக்குதுங்க என்று உன்னிடம் சொன்னேன். பஸ் படத்தைப் பற்றியும் நான்தான் சொன்னேன். நீ, "குடும்மா பாக்கலாம், நம்ம சேனல்ல போட்டா ஊரே பாக்கும், புள்ளைங்க ஃபேமஸ் ஆயிடும்" என்றாய். எடுத்துக் கொடுத்தேன். நோட்டில் என் பெயரைத்தான் எழுதினேன், உன் பெயரை எழுதவில்லை. அப்போது பொய் எழுதுகிறேன் என்று தோன்றவில்லை. நம் பையன்தானே என்று தோன்றியது. ஊரே பார்ப்பது நல்லது என்றுதான் இந்த மரமண்டைக்குத் தெரியும். எப்படிப் பார்க்கும் என்று தெரியாது.

செவ்வாய்க்கிழமை நீ போட்டாய். பிள்ளை ஓடியது இல்லை, கால் சறுக்கியது இல்லை. எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, கண்டக்டர் அவள் கையைப் பிடித்திருக்கிற அந்த ஒரு நொடியை நிறுத்தி, அந்தக் கையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டாய். ஒரு அம்புக்குறி போட்டாய். மேலே "ஓடும் பஸ்ஸில் பள்ளி மாணவியும் கண்டக்டரும்..." என்று எழுதினாய். கீழே ஊரான் ஊரான் வந்து எழுதியதை நான் இங்கே எழுத மாட்டேன். ரேவதி எனக்கு இரண்டு வரி வாசித்தாள், மூன்றாவது வரியில் நான் அவள் வாயைப் பொத்தினேன். அன்றைக்கு நான் சோறு தின்னவில்லை. கோபத்தில் இல்லை தம்பி, குமட்டியது. சாக்கடை அடைப்பு எடுக்கிற இடத்தில்கூட நின்றிருக்கிறேன், எனக்கு இப்படிக் குமட்டியது இல்லை.

கோமதியின் அப்பா அதை டீக்கடையில் பார்த்தார். யாரோ, "மாமா, இது ஒம் பொண்ணு மாதிரி இருக்கே" என்று சிரித்துக்கொண்டே போனை நீட்டியிருக்கிறார்கள். அந்த மனிதர் பிள்ளையை அடிக்கவில்லை. ஒன்றும் கேட்கவும் இல்லை. புத்தகத்தையெல்லாம் சாக்கில் கட்டிப் பரணில் போட்டுவிட்டு, மறுநாளே அவளைப் பண்ருட்டியில் தன் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார். அந்த அத்தை முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிறவள். இந்தப் பிள்ளையும் போகிறது. ஐந்து வாரம் ஆகிறது. நானும் ஜெசி டீச்சரும் பார்க்கப் போனோம். கொட்டையிலிருந்து தெறிக்கிற எண்ணெய் பட்டு உள்ளங்கை இரண்டும் கறுத்து உரிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டது. "சாம்பாருல இன்னும் உப்பு ஜாஸ்தியாத்தான் போடுறீங்களாத்த?" என்று கேட்டது.

அந்தக் கண்டக்டரையும் நிறுத்தத்தில் பார்த்தேன். நான் யாரென்று சொல்லவில்லை. இப்போதும் பஸ் தள்ளித்தான் நிற்கிறது, பிள்ளைகள் ஓடித்தான் வருகிறார்கள். அவர் படியில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறார், இரண்டு கையையும் பையில் வைத்துக்கொண்டு. யார் தடுக்கினாலும் நீட்டுவது இல்லை. "எனக்கும் பேத்தி இருக்குதும்மா. கையப் புடிச்சா படம் எடுப்பானுவோ" என்றார். நீ ஒரு பிள்ளையின் படிப்பை மட்டும் கெடுக்கவில்லை. அந்த வழியில் ஓடிவருகிற எல்லாப் பிள்ளைகளுக்கும் இருந்த ஒரு கையை எடுத்துவிட்டாய்.

உனக்குப் போன் செய்தேன். நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "ம்மா, நான் தப்பா ஒண்ணுமே எழுதலியே. கடைசில மூணு புள்ளிதான வச்சேன். பாக்குறவன் மனசு அழுக்கா இருந்தா நான் என்ன பண்ணுவேன்?" என்றாய். நான் அழுததும் எடுத்துவிட்டேன் என்றாய். எடுத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து, அவள் முகத்தை மட்டும் மங்கலாக்கி அதே தலைப்போடு திரும்பப் போட்டாய். ரேவதிதான் கண்டுபிடித்தாள். கேட்டால், "ஃபேஸ் பிளர் பண்ணிட்டேன்ல, இன்னும் என்னா? ஒனக்கு இதெல்லாம் புரியாதும்மா, இதான் ரீச்" என்றாய். எனக்குப் புரிகிறது. அவள் பள்ளிக்கூடத்துப் பை, அவள் ஊர்ப் பஸ், அவள் சடை. முகம் எதற்கு?

கோமதியின் அப்பாவிடம் ஜெசி டீச்சர் நாலு தடவை போய்ப் பேசினார். கடைசியில் அவர் ஒன்று சொன்னார். "போட்டவனே வந்து, போட்ட எடத்துலயே, அவன் மூஞ்சியக் காட்டி, நான் வெட்டி ஒட்டுனது, அந்தப் பொண்ணு கீழ வுழுந்துருக்கும், அவுரு காப்பாத்துனாருன்னு சொல்லட்டும். முழுப் படத்தயும் போடட்டும். மறுநாளு காலைல நானே கொண்டாந்து பள்ளிக்கூடத்துல உடுறேன்." அவ்வளவுதான் அவர் கேட்டது. உன்னிடம் சொன்னேன். "கல்யாண நேரத்துல போயி நானே என் மூஞ்சில கரியப் பூசிக்கச் சொல்றியா? பொண்ணு வூட்டுல என்னா நெனப்பாங்க? அசிங்கமா பூடும்மா" என்றாய். அந்தப் பிள்ளைக்குப் பொதுத் தேர்வு வருஷம். காலாண்டுத் தேர்வுக்குள் வந்துவிட்டால் விட்ட பாடத்தைப் பிடித்துவிடுவாள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்கிறார்கள். அதற்கு மேல் போனால் அத்தை வீட்டிலேயே ஒரு மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள். உனக்கு அசிங்கம் ஒரு நாள். அவளுக்கு அது ஆயுசு.

மாடியில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். படம் எப்படி வெளியே போனது என்று அந்தச் சனிக்கிழமை நோட்டை எடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு நேரே என் பெயர். ஜெசி டீச்சர் என்னைப் பார்த்தார். பிள்ளைகள் எல்லோரும் பார்த்தார்கள். என் பையனுக்குக் கொடுத்தேன், அவன்தான் போட்டான் என்றேன். ரேவதி, "நீங்களா அத்த?" என்று மட்டும் கேட்டாள். அன்றைக்கு வடித்த சோறு அப்படியே மீந்தது. வேலையை விட்டுப் போய்விடுகிறேன் என்று மறுநாள் டீச்சரிடம் சொன்னேன். "போறது சுலபம்மா. இதயும் எழுதணும்ல நாங்க. யாரு குடுத்தா, ஏன் குடுத்தான்னு புள்ளைங்க உங்ககிட்ட கேக்கணும். பதில் சொல்லிட்டுப் போங்க" என்றார்.

அப்படித்தான் ரேவதி என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். ஆதாரம் கேட்டு ஓடுகிற பிள்ளை இல்லை அன்றைக்கு. ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டாள். என் பையன் செய்கிற வேலை நல்ல வேலை என்று நம்பினேன் என்றேன். அதற்கு முன்னால் அவர் போட்டதை நீங்கள் பார்த்ததே இல்லையா என்று கேட்டாள். அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். பார்த்திருக்கிறேன். என்னையே பார்த்திருக்கிறேன்.

உன் அப்பா பண்ருட்டி மண்டியில் சுமை தூக்கினார். பலாப்பழ சீசனில் அங்கேயே தங்கிவிடுவார். காலை ஒன்பது மணிக்கு, பின்னால் நின்று சொல்ல ஆள் இல்லாமல் ரிவர்ஸ் எடுத்த லாரி அவரைச் சுவரோடு வைத்து நசுக்கியது. இதுதான் நடந்தது. நீ என்ன போட்டாய்? "எமனாக மாறிய பலாப்பழம்! கதறும் மனைவி!" ஏன்டா என்று உன் சித்தப்பா கேட்டதற்கு, "லாரி மோதுறது தெனம் நடக்குது, யாரு பாப்பாங்க சித்தப்பா? பலாப்பழம்னா பாப்பாங்க" என்றாய். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அப்பாவின் உடல் ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் வரவில்லை. நீ போனைத் தூக்கி என் முகத்துக்கு நேரே வைத்தாய். நான் மாரில் அடித்துக்கொண்டு அழுதேன். முடித்ததும் நீ, "ம்மா, வண்டி சத்தம் வந்துடுச்சு. இன்னொரு தரம்" என்றாய். நான் இன்னொரு தரம் அழுதேன், தம்பி. நீ கேட்டாய் என்பதற்காக, சேலையைச் சரிசெய்துகொண்டு, முன்னால் அழுத மாதிரியே அழுதேன். கட்டினவருக்கு அழுதது முதல் தடவை. இரண்டாவது தடவை யாருக்கு அழுதேன்? அதற்குப் பிறகு எனக்கு அழுகை வந்தால் அது நிஜமா என்று எனக்கே சந்தேகம் வருகிறது. அந்தச் சந்தேகத்தை எனக்குக் கொடுத்தது நீ. வாங்கிக்கொண்டது நான்.

இன்றைக்கும் பஸ்ஸில் யாராவது, "நீங்க அந்தப் பலாப்பழம் வுழுந்து செத்தாரே, அவுரு சம்சாரம்தான?" என்று கேட்கிறார்கள். கேட்கும்போது உதட்டில் ஒரு சிரிப்பு வருகிறது, அடக்கிக்கொள்கிறார்கள். முப்பது வருஷம் மூட்டை தூக்கின மனிதனின் சாவைச் சிரிக்கிற சாவாக ஆக்கினாய். லாரிக்காரனைக் கேட்க வேண்டிய வாயெல்லாம் பழத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு போய்விட்டது. அதையெல்லாம் பார்த்த பிறகும்தான் உன் கையில் அந்தப் போனைக் கொடுத்தேன். அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தேன். பெற்றவளுக்கு அது சுலபம்.

இதை ரேவதியிடம் சொன்னபோது அழுகை வந்துவிட்டது. அந்தப் பிள்ளை பேனாவை மூடிக் கீழே வைத்தது. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது. பிறகு, "மாமா அன்னிக்கிக் காலைல ஒங்களோட பேசுனாராத்த?" என்று கேட்டது. போனில் பேசினார். அதை இதுவரைக்கும் யாரும் கேட்கவில்லை, நீகூடக் கேட்கவில்லை. இட்லி சாப்பிட்டேன், சட்னி புளித்துப்போயிருந்தது, கடைக்காரனோடு சண்டை போட்டுவிட்டு வந்தேன் என்று சொன்னார். சனிக்கிழமை வரும்போது உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம், சீக்கிரம் வாங்க என்றேன். இதைச் சொல்லி முடித்ததும் ரேவதி, "இத எழுதலாமாத்த, வேணாமா? வேணாம்னா எழுதல" என்றாள். எனக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. என் துக்கத்தை எடுத்துக்கொள்ளட்டுமா என்று என்னிடம் அனுமதி கேட்டது அந்தப் பதினாலு வயதுப் பிள்ளை ஒன்றுதான். எழுது என்றேன். லாரி என்று எழுது என்றேன்.

நீ இப்படி ஆனதில் என் கையும் இருக்கிறது. ஆறாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு நாள் வந்து, வகுப்பில் பாம்பு வந்தது, ஹெட்மாஸ்டர் மேசை மேல் ஏறி நின்று அலறினார் என்று சொன்னாய். பொய் என்று தெரியும். பாம்பு மாதிரி நெளிந்து, ஹெட்மாஸ்டர் மாதிரி வேட்டியைத் தூக்கிப் பிடித்து நீ சொன்ன அழகில் மயங்கிவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர்களையெல்லாம் கூப்பிட்டு, சொல்லுடா சொல்லுடா என்று நாலு தடவை சொல்ல வைத்தேன். ஒவ்வொரு தடவையும் பாம்பு ஒரு முழம் நீண்டது. வடை சுட்டுக் கொடுத்தேன். உன் அப்பா, "ஏன் அவன ஏத்தி உடுற? நாளைக்கி அந்த வாத்தியாரு தெருவுல நடக்க வேணாமா?" என்று கேட்டார். சிரிக்கத் தெரியாத மனுஷன் என்று அவரைத்தான் ஏசினேன். அவர் கேட்ட கேள்வியைத்தான் இன்றைக்கு ஜெசி டீச்சர் ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்கிறார். நீ எழுதினதற்கு அப்புறம் அந்த ஆள் நாளைக்குத் தெருவில் எப்படி நடப்பார்?

ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களில் ஒருத்தி ரேவதி. இன்னொருத்தி பரங்கிப்பேட்டைப் பிள்ளை. மூன்றாவது கோமதி. அவளை அழைத்து வர அவள் அப்பா ஒப்புக்கொண்டுவிட்டார். அவர் உன் அறைக்கு வரமாட்டார், தெருமுனையில் நிற்பார். கேள்வி நாலும் இதுதான், ஒளிவுமறைவு இல்லை. அந்தப் படம் உனக்கு எப்படிக் கிடைத்தது? முழுப் படத்தையும் நீ பார்த்தாயா? பார்த்திருந்தால் அவள் சறுக்கியதை ஏன் வெட்டினாய்? இப்போது என்ன செய்யப் போகிறாய்? முதல் கேள்விக்கு என் பெயரைச் சொல், நான் ஏற்கெனவே சொல்லிவிட்டேன். மற்ற மூன்றுக்கும் நீதான் பதில்.

நான் கூட வரமாட்டேன். நான் வந்தால் நீ எனக்குத்தான் பதில் சொல்வாய், அந்தப் பிள்ளைக்குச் சொல்லமாட்டாய். பிள்ளைகளிடம் குரலை உயர்த்தாதே. உட்காரச் சொல். பெயர் போடாதே என்று கெஞ்ச வேண்டாம், உன் பெயரையும் உன் சேனல் பெயரையும் அவர்கள் போடவில்லை. இந்த ஊரில் யாருக்கும் பெயர் தேவைப்படாது என்பது வேறு விஷயம்.

கல்யாணத்துக்கு நான் வருவேன். அம்மா வராத கல்யாணம் என்று அந்தப் பெண் தலைகுனிய வேண்டாம். ஆனால் மண்டபத்தில் யாராவது உங்கள் பையன் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டால் ரிப்போர்ட்டர் என்று இனி சொல்லமாட்டேன். நீ ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தாயோ அதைச் சொல்வேன். சொல்லும்படியாகச் செய்திருந்தால் பெருமையாகவே சொல்வேன். கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அவள் உன் வீட்டில் ஒரு நாள் அழுவாள், எல்லா வீட்டிலும் அழுவார்கள். அப்போது உன் கை எதைத் தேடிப் போகிறது என்று நீயே கவனி.

கோமதி கையை மறைத்துக்கொள்வாள். காட்டு என்று கேட்காதே. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் போனை உள்ளே வைத்துவிட்டு, வெறுங்கையோடு வந்து கதவைத் திற.